ஒரு கட்டைதான் நான் எடுத்தது

உள்ளே வாருங்கள், அண்ணை. படி கொஞ்சம் உயரம், தங்கச்சி, கதவைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். செருப்போடு வரலாம். அந்தத் தலையணையையும் போர்வையையும் பார்க்க வேண்டாம், அவற்றை எடுத்துவிட்டுத்தான் தருவேன். சில நாட்களில் இந்த ட்ரெயிலருக்குள்ளேயே படுத்துவிடுகிறேன். வீட்டில் நாலு அறை. ஒரு ஆள் நாலு அறையில் எப்படிப் படுப்பது?

அடுப்பு இரண்டும் எரிகிறது. குளிர்பெட்டி வேலை செய்கிறது. கூரை ஒழுகாது. ஒழுகினால் மொன்றியலில் இருந்து ஃபோன் எடுத்து என்னைத் திட்டலாம். பின்பக்கத்தில் ஒரு நெளிவு இருக்கிறது, வெளியே போகும்போது காட்டுகிறேன். மரத்தில் பட்டது. நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

ஏன் விற்கிறீர்கள் என்று நேற்று ஃபோனில் கேட்டீர்கள். பாவிப்பதில்லை, சும்மா நிற்கிறது என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் ஆறு மணித்தியாலம் ஓடி வந்திருக்கிறீர்கள், அரைகுறையாகச் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. இருங்கள். அந்தக் கதிரை ஆடும், ஆனால் தாங்கும்.

என் மனைவிக்கு ஒரு தம்பி இருக்கிறான். கெங்காதரன். இதை விற்பது அவனால். வேறு யாராலும் இல்லை, அவனால். என் மனைவி மலர் பதினொரு மாதமாக அவனுடைய வீட்டில் இருக்கிறாள். ஏஜாக்ஸில். இங்கே ஸ்காபரோவில் இருந்து காரில் இருபத்தைந்து நிமிடம். நான் அங்கே போய், அவனுக்கு முன்னால் நின்று, ஒரு வசனம் சொன்னால் திரும்பி வருவாளாம். "ரெண்டு கட்டையையும் நான்தான் எடுத்தனான்." இவ்வளவுதான். சொல்லலாம், வாய் வலிக்காது. ஆனால் நான் எடுத்தது ஒரு கட்டை. ஒரு கட்டை எடுத்தவன் எதற்காக இரண்டு எடுத்தேன் என்று சொல்ல வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

இல்லை, இப்போது சொல்ல வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கட்டை என்பது சில்லு உருளாமல் அடியில் செருகுகிற ஆப்பு. இந்த ட்ரெயிலருக்கு இரண்டு சில்லு, ஆகவே இரண்டு கட்டை. இப்போது வெளியே மஞ்சள் பிளாஸ்டிக்கில் இருக்கிறதே, அது பிறகு வாங்கியது. அப்போது இருந்தவை மரக்கட்டைகள். நானே அறுத்துச் சீவியவை.

ஊரில் நான் ஓவசியர். பதினாறு வருடம் அரசாங்கக் கட்டடங்களைப் பார்த்தேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி விடுதி, தண்ணீர்த் தாங்கி. நான் வருகிறேன் என்றால் மேசன்மார் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிற்பார்கள். இங்கே வந்து இருபத்தொரு வருடம் கதவுப் பூட்டுச் செய்கிற தொழிற்சாலையில் நின்றேன். பரவாயில்லை. ஆனால் இங்கேயும் சனம் என்னை ஓவசியர் என்றுதான் சொல்லும். கெங்காவும் சொல்வான், "ஓவசியர் ஐயா" என்று. சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை என்னால் உங்களுக்குச் சொல்லிக் காட்ட முடியாது. அதைப் பார்க்க வேண்டும்.

இதோ, இதுதான் என்னுடைய நீர்மட்டம். நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் மட்டம். இந்தத் தரையில் வைக்கிறேன், பாருங்கள். நடுவில் நிற்கிறதா? என் வாசல் தெருப்பக்கமாக நல்ல சரிவு, பிக்கப் வண்டியை நிறுத்தும்போதே கண்டிருப்பீர்கள். ஆனாலும் இதற்குள் குமிழி நடுவில். நான் பலகை வைத்து, கொழுவுகிற முன்மூக்கை ஏற்றி இறக்கி, மட்டம் வைத்திருக்கிறேன். வேறு யாரும் வந்து படுக்கப்போவதில்லை, ஆனாலும் வைத்திருக்கிறேன். நான் அப்படித்தான்.

போன வருடம் ஆடி மாதம். இதை வாங்கி மூன்று நாள். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஏரிக்கரைக்கு முகாம் போவதென்று முடிவு. கெங்காவின் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே நான், மலர், கெங்கா. அவனுடைய பிக்கப்பில் கொழுவி அவன்தான் இழுத்துவந்தான். அவன் லொறி ஓடுகிறவன், அதை ஒப்புக்கொள்கிறேன். பின்பக்கம் ஏரியைப் பார்க்க ஒரே தடவையில் உள்ளே விட்டான். அதையும் ஒப்புக்கொள்கிறேன். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, "இனி உங்கட கொந்தறாத்து வேலை, ஓவசியர் ஐயா" என்றான்.

நான் நீர்மட்டத்தை எடுத்தேன்.

"உதை ஏன் அத்தான் காவிக்கொண்டு வந்தனீங்கள்? போனிலேயே லெவல் கிடக்கு."

"போனிலை கிடக்கிறது விளையாட்டு. உனக்கு லொறி ஓடத்தான் தெரியும். மட்டம் பாக்கத் தெரியுமோ?"

"ஐம்பத்துமூண்டு அடி ட்ரெயிலரைக் கலிபோர்னியா வரைக்கும் இழுத்துக்கொண்டு போறன். இது தீப்பெட்டி."

"தீப்பெட்டியெண்டாலும் மட்டம் மட்டம்தான்."

மலர் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று பிறகு நான் நிறைய யோசித்தேன். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாளா, என்னை மட்டும் பார்த்துச் சிரித்தாளா? கேட்டால் தனக்கு ஞாபகமில்லை என்கிறாள்.

இடது சில்லுப் பக்கம் பள்ளம். ஒரு பலகை வைத்தேன், காணாது. இரண்டு, காணாது. மூன்றாவது வைத்த பிறகுதான் குமிழி நடுவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் கெங்கா பிக்கப்பை முன்னுக்கு எடுத்துப் பின்னுக்கு விட வேண்டும். மூன்றாவது முறை கண்ணாடியை இறக்கி, "அத்தான், இதிலை ஆஸ்பத்திரியே கட்டப்போறியள்?" என்று கத்தினான். பக்கத்து முகாமில் இருந்த வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் குரல் விளங்கும்.

பிறகு சில்லுகளுக்குப் பின்னால், ஏரிப் பக்கமாக, இரண்டு கட்டையும் செருகினேன். பிக்கப்பைக் கழற்றினோம். மூக்குக்குக் கீழே ஒரு மரக்குற்றி வைத்து, அதன்மேல் ஜாக்கியை இறக்கி, முன்னும் பின்னும் மட்டம் பார்த்தேன். உள்ளே போய்த் தரையில் வைத்தேன். நடுவில். கதவடியில் வைத்தேன். நடுவில். மேசையில் வைத்தேன். நடுவில். நெளிவு சுழிவு ஒன்றும் இல்லை. அரை மணித்தியால வேலை, வெயிலில். யாரும் ஒரு வாய் தண்ணீர் தரவில்லை.

அப்போதுதான் மலர் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, வாங்கின நாள் தொட்டு இதுக்குத் தேசிக்காய் வைக்கேல்லையெல்லோ?"

உங்களுக்குத் தெரியும்தானே, புது வாகனம் வாங்கினால் சில்லுக்குத் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் எடுப்பது. கொண்டுவந்த அன்று மலர் வேலைக்குப் போய்விட்டாள், அது தவறிவிட்டது. மீனுக்குப் பிழிய வைத்திருந்த தேசிக்காய் இரண்டை எடுத்துவந்து நின்றாள். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் செய்வதென்றால் நேரத்துக்குச் செய்ய வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அப்போது பத்து இருபது.

மலர், "பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை கொழுவிப்போட்டு வெளிக்கிடேக்கை வைப்பம்" என்றாள்.

"செய்யிறதெண்டால் இப்ப செய். பத்து நிமிசம் கிடக்கு" என்றேன்.

கெங்கா வந்தான். "அது கொழும்புக் கலண்டர், அத்தான். இஞ்சத்தைக் கலண்டரிலை பதினொண்டு இருபத்தேழுக்குத்தான் ராகுகாலம். கடைக்காரன் தந்தது குசினியிலை தொங்குது, பாக்கேல்லையோ? ஒரு மணித்தியாலம் கிடக்கு. நான் திருப்பிக் கொழுவி ஒரு முழம் பின்னுக்கு விடுறன். தேசிக்காய் நசியும். பிறகு ஆறுதலா மட்டம் வைப்பம்."

ஆறுதலாக மட்டம் வைப்போம்! அரை மணித்தியாலம் நான் வெயிலில் குனிந்து வைத்த மட்டத்தை அவன் ஒரு நொடியில் கலைப்பானாம். கேட்டீர்களா? அவனுக்கு அது தேவைப்பட்டது. தேசிக்காய் ஒரு சாட்டு.

நான் பலகையைக் காட்டினேன். பலகை இரண்டடி நீளம். கட்டையை எடுத்துவிட்டு, கையால் தள்ளி, பலகையின் மேலேயே ஒரு சாண் உருட்டினால் போதும். தேசிக்காயும் நசியும், மட்டமும் குலையாது. ஓவசியர் மூளை என்றால் அதுதான், சும்மா சொல்லவில்லை.

"அத்தான், உருண்டால் நிக்காது" என்றான்.

"எப்பிடி உருளும்? மட்டத்திலை நிக்கிறது எப்பிடி உருளும்? உள்ளை வந்து குமிழியைப் பார்."

"ட்ரெயிலர்தான் மட்டம், அத்தான். நிலம் மட்டமில்லை."

மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தவன் நான். குமிழி நடுவில் நின்றது. நடுவில் நின்றால் மட்டம். மட்டத்தில் நிற்பது ஓடாது. இதை நான் பதினொரு மாதமாக வருகிற போகிற எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். ஒருவராலும் மறுத்துப் பேச முடியவில்லை. தலையை ஆட்டுவார்கள், பிறகு வேறு கதை கதைப்பார்கள்.

நான் குனிந்து இடப்பக்கக் கட்டையை எடுத்துத் தோளில் தொங்கிய துணிப்பைக்குள் போட்டேன். ட்ரெயிலர் அசையவில்லை. அசையவில்லை, கவனியுங்கள். "பாத்தியோ?" என்று கெங்காவைப் பார்த்தேன். அவன் மூக்கடியில் நின்றான். மலர் இடது சில்லுக்குப் பின்னால் குந்தியிருந்து பலகையில் தேசிக்காயை வைத்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன். வலப்பக்கச் சில்லுக்கும் தேசிக்காய் வேண்டும்தானே, இடம் பார்க்கத்தான் போனேன். குனிந்தேன். அதற்குப் பிறகு ட்ரெயிலர் போய்விட்டது.

யார் எடுத்தது வலப்பக்கக் கட்டையை? நான் எடுத்தது ஒன்று. இடப்பக்கம். அதை ஒருபோதும் மறுக்கவில்லை. பொலிஸ்காரன் வந்து கேட்டபோதும் சொன்னேன். ஒன்று நான் எடுத்தது. மற்றதைக் கெங்கா எடுத்திருக்க வேண்டும். அல்லது மூக்கைப் பிடித்து இழுத்துக் கட்டையைத் தட்டியிருக்க வேண்டும். லொறிக்காரன், எதையும் இழுத்துப் பழகியவன். அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அதைத்தான் நான் மன்னிக்கமாட்டேன்.

நடந்தது இதுதான். ட்ரெயிலர் பலகையை விட்டுப் பின்னால் இறங்கியது. கெங்கா இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்துப் பக்கமாக இழுத்தான். ஒரு மனிதனால் அதை நிறுத்த முடியுமா? முடியாது. ஆனால் பின்பக்கம் கொஞ்சம் திரும்பியது. திரும்பி, மலரைத் தாண்டி, மரத்தில் போய் இடித்து நின்றது. மலருக்கும் சில்லுக்கும் இடையில் ஒரு சாண் இருந்ததாக அவள் சொல்கிறாள். அவள் எதையும் கூட்டித்தான் சொல்வாள். இழுத்த இழுப்பில் ஜாக்கி குற்றியை விட்டு விழுந்தது. அவனுடைய வலது காலில் விழுந்தது.

மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். இப்போது அவன் லொறி ஓடுவதில்லை. கந்தோரில் இருந்து மற்றச் சாரதிமாருக்கு ஃபோனில் வழி சொல்கிறான். எனக்குக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோடம்பழமும் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் படுத்தபடி கெங்கா என்ன சொன்னான் தெரியுமா? "அத்தான், அந்தப் பையைத் திறந்து பாருங்கோ. ரெண்டு கட்டையும் அதுக்குள்ளைதான் கிடக்கு." மனைவியும் மனைவியின் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க, நான் சோதனைக்கு நிற்கிற பிள்ளை மாதிரிப் பையைத் திறக்க வேண்டுமாம். தோடம்பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மலர் அவனைப் பார்க்கவென்று போனாள். ஒரு கிழமை என்றாள். பிறகு கால் ஆறட்டும் என்றாள். கால் ஆறிவிட்டது. அவன் இப்போது நடக்கிறான், கொஞ்சம் சரித்து. அவள் வரவில்லை. ஃபோனில் எடுத்தால் ஒரே கதை. "பையைத் திறந்து பாத்தனீங்களோ?" சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. பையைத் திறந்தீர்களா. நான் ஃபோனை வைத்துவிடுவேன்.

பை அதோ, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. காக்கிப் பை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றைக்குத் தொங்கவிட்டது. திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு கட்டை, ஒரு பென்சில், ஒரு அளக்கிற மடக்குக்கோல். தெரிந்ததைத் திறந்து பார்ப்பது சந்தேகப்படுகிறவன் வேலை.

நான் என்னையே கேட்காதவன் என்று நினைக்கிறீர்கள். கேட்கிறேன். இங்கே படுத்துக்கொண்டு கேட்கிறேன். மூன்று பலகை வைத்தது கூடவா? இரண்டரை வைத்திருக்க வேண்டுமா? மரக்குற்றி அகலம் காணாதா? அன்று காலை நான் கோப்பி குடிக்காமல் போனேனே, அதனால் கணக்குப் பிசகியதா? நீர்மட்டமே பிழையோ என்று கடைக்குக் கொண்டுபோய் இன்னொன்றோடு ஒத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. என்னை இவ்வளவு கேள்வி கேட்டவன் நான். கெங்கா தன்னை ஒரு கேள்வி கேட்டிருப்பானா? அவனுக்கு எல்லாம் சிரிப்பு.

அவனைக் கண்டால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. அவனுடைய காலைக் கண்டால் இன்னும் எரிகிறது. ஒரு கூட்டத்துக்குப் போனால் அவன் நொண்டிக்கொண்டு வருவான், சனம் எழும்பிக் கதிரை கொடுக்கும், பிறகு திரும்பி என்னைப் பார்க்கும். அவன் ஒன்றும் சொல்லமாட்டான். சொல்லாமலே நொண்டுவான். போன மாதம் கோயிலில் என்னைக் கண்டு, "சுகமோ அத்தான்?" என்றான். அந்தப் பழைய சிரிப்பு இல்லை. அதுவும் ஒரு தந்திரம்தான்.

சரி. விருப்பம் என்றால் கொழுவுங்கள். உங்கள் பிக்கப்பைப் பின்னால் எடுங்கள், நான் சைகை காட்டுகிறேன். தங்கச்சியும் இறங்கட்டும். பையையும் கொண்டு வருகிறேன், அது விற்பனைக்கு இல்லை. இதுதான் நான் சொன்ன நெளிவு. மழைத்தண்ணீர் உள்ளே போகாது.

வாருங்கள், வாருங்கள்... இன்னும் கொஞ்சம்... இடப்பக்கம்... போதும், நில்லுங்கள். இன்னும் ஒரு அடி இருக்கிறது. இறங்கிப் பாருங்கள். தங்கச்சி, கொழுவி நேரே வருகிறதா என்று அங்கே மூக்குக்கு முன்னால் நின்று பாருங்கள். நான் ஜாக்கியை...

அண்ணை! அதை எடுக்காதேங்கோ! கட்டையை எடுக்காதேங்கோ! தங்கச்சி முன்னாலை நிக்கிறா!

விடுங்கள். கையை எடுங்கள். தங்கச்சி, இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். பயப்பட வேண்டாம், ஒன்றும் நடக்கவில்லை. அசையவில்லை. இரண்டாவது கட்டை இருக்கிறது, அது பிடிக்கும். அதையும் எடுத்திருந்தால்தான்...

நீங்கள் உதவி செய்யத்தான் குனிந்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் முதலில் கொழுவ வேண்டும். பிறகுதான் கட்டை. உள்ளே மட்டமாக நின்றாலும் வெளியே சரிவுதானே. சரிவு தெருப்பக்கம். ட்ரெயிலர் தங்கச்சிக்கு மேலால் போயிருக்கும்.

கொஞ்சம் பொறுங்கள்.

நான் இப்போது கத்தியது உங்களுக்குக் கேட்டதுதானே? நன்றாகக் கேட்டதுதானே? பக்கத்து வீட்டுக்காரனே கதவைத் திறந்து பார்க்கிறான். நீங்கள் உடனே கையை எடுத்துவிட்டீர்கள்.

அன்றைக்குக் கெங்காவும் கத்தினான். "அத்தான், எடுக்காதேங்கோ, அக்கா பின்னாலை நிக்கிறா!" மூக்கடியில் நின்று கத்தினான். நான் வலப்பக்கம் குனிந்திருந்தேன். எனக்குக் கேட்டது. கையில் ஏதோ இருந்தது. இவன் எனக்குச் சொல்லித் தருகிறானா என்றுதான் அந்த நேரம் நினைத்தேன்.

இல்லை, தண்ணீர் வேண்டாம். பிக்கப்பை அந்த ஒரு அடியும் பின்னால் எடுங்கள்.

கொழுவுங்கள். சங்கிலியும் போடுங்கள். இப்போது எடுக்கலாம். இடப்பக்கம் எடுங்கள், சரி, வலப்பக்கமும் எடுங்கள். இரண்டையும் பின்னால் போடுங்கள்.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள். தூக்கிப் பாருங்கள். திறக்க வேண்டாம், தூக்கினால் போதும். மடக்குக்கோல் பாரம் இல்லை. பென்சில் பாரமே இல்லை. பாரமாக இருக்கிறதா? ஒன்றும் சொல்ல வேண்டாம். இப்படித் தாருங்கள்.

மொன்றியலுக்கு நீங்கள் நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில்தானே போவீர்கள்? ஏஜாக்ஸ் வழியில்தான். என்னை அங்கே இறக்கிவிட வேண்டும். நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, அப்படி நினைத்துவிட வேண்டாம். அவனோடு எனக்கு ஒரு கதையும் இல்லை. அவனுடைய சிரிப்பை நான் இந்தப் பிறப்பில் மன்னிக்கமாட்டேன். பையை மட்டும் அவனுடைய கையில் கொடுப்பேன். அவனே திறந்து எண்ணட்டும். மலர் பக்கத்தில் நிற்பாள், அவளும் பார்க்கட்டும்.

திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம். அது என் பாடு.

ஒன்று மட்டும். இந்த ட்ரெயிலரை அவனுடைய வாசலுக்குக் கொண்டுபோக வேண்டாம், தெருமூலையிலேயே நிறுத்துங்கள். நான் இறங்கி நடந்து போகிறேன். கதவு திறக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். திறக்கும் வரைக்கும் எஞ்சினை நிறுத்த வேண்டாம்.